கண்டிக் காடுகளும் கூட்டு முயற்சியும்

கண்டி நகருக்குச் செல்வோர், தலதா மாளிகையின் பின்புறத்தே அடர்ந்து நிற்கும் உடவத்தகலே என்னும் காட்டைக் காணாமல் திரும்புவதில்லை. ஏறக்குறைய 104 ஹெக்டேயர் பரப்புள்ள இக்காட்டுக்கு மன்னர் காலத்தில் 'தஹனம் கலே' என்றும் ஒரு பெயர் வழங்கிற்று. தடுக்கப்பட்ட காடு என்பது அதன் பொருள். 1815இல் மன்னனின் ஆட்சி போயிற்று; பிரிட்டிஷார் வந்தனர். 1948இல் அவர்களும் போயினர். ஆனால் மலைநாட்டுக் காடுகளை விட்டுத் 'தடை' என்ற சொல் மட்டும் இன்றுவரை போகவில்லை. தடுப்பவர் யார், தடுக்கப்படுபவர் யார் என்பதுதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

காட்டை அண்டி வாழும் மக்கள் தாமே ஒன்றுகூடிக் காட்டுத் தொழில்களை நடத்த முடியுமா? முடியுமானால், எந்த நிலைமைகளில் அவை தழைக்கும்? வெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் இன்று இக்கேள்வி எழுப்பப்படுகிறது. மரமும் மூங்கிலும், தேனும் பாணியும், ஏலமும் மூலிகையும் விளையும் காடுகளைச் சுற்றியே வறுமை சூழ்ந்து கிடப்பதைக் காண்போர் மனத்தில் இக்கேள்வி எழாமல் இருக்க முடியாது. விடை கூறுவோர் பலர், "கிராமத்தவனுக்கு வியாபாரத் திறமை போதாது, அவனைப் பயிற்றுவிக்க வேண்டும்" என்பதோடு நின்றுவிடுகின்றனர். இந்த விடை புதியதன்று. "கண்டிக் குடியானவன் சோம்பேறி" என்று அன்று தோட்டத் துரைமார் சொன்னதன் மறுபதிப்பே இது. கண்டிப் பிரதேசத்தின் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் படித்தால் வேறொரு விடை கிடைக்கும் என்பது நமது கருத்து.

பழைய கண்டிக் கிராமத்தின் வாழ்வு வயலோடு முடிந்ததன்று. பள்ளத்தாக்கில் நெல்வயல், மேட்டில் வீடும், வீட்டைச் சுற்றிய தோட்டமும், அதற்கு அப்பால் குரக்கன் விளையும் சேனை, சேனைக்கும் அப்பால் பெருங்காடு. சேனைக்காக வெட்டிய துண்டு, ஓரிரு போகங்களுக்குப் பின் பல்லாண்டுகள் தரிசாக விடப்பட்டு மீண்டும் காடாகும். வீட்டுத் தோட்டத்திலோ பலாவும் தென்னையும், கமுகும் கித்துளும், அவற்றில் படரும் மிளகும் அடுக்கடுக்காக வளர்ந்து, தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தோட்டமே காடாகத் தோன்றும். விறகும் பிரம்பும், மூலிகையும் கித்துள் நீரும், வறட்சிக் காலத்தில் கிழங்கும் கீரையும் காட்டிலிருந்து வந்தன.

அது ஒரு பொற்காலம் என்று நாம் கூற வரவில்லை. இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் இருந்தது. சாதிக்கொரு தொழில் விதிக்கப்பட்டிருந்தது. கித்துள் கருப்பட்டி காய்ச்சிய வகும்புர சாதியார், காய்ச்சியதில் ஒரு பங்கை அரண்மனைக்குச் செலுத்தியே தீரவேண்டும். ஆயினும் காட்டைப் பயன்படுத்தும் வழக்குரிமை கிராமத்துக்கு இருந்தது. எழுதப்படாத அந்த உரிமையே கிராமப் பொருளாதாரத்தின் ஒரு கால் என்பதை மறந்துவிடலாகாது.

அந்தக் காலை வெட்டிய வாள் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவையெனக் கொள்ளப்படும் என்று அது விதித்தது. கண்டி மாகாணங்களில் சேனை நிலமும் இவ்விதிக்குள் அகப்பட்டது. மன்னர் வழங்கிய சன்னசு காட்டினால், அல்லது வழக்கமான வரி செலுத்தியதை நிரூபித்தால் விடுதலை உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காட்டைப் பயன்படுத்திய ஏழைக் குடியானவன் எந்தச் சன்னசைக் காட்டுவான்? வழக்குரிமைக்கு ஓலை கிடையாது. ஓலை இல்லாதவனுக்கு உரிமையும் கிடையாது என்றாயிற்று. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இந்தப் பிடியை மேலும் இறுக்கிற்று.

இச்சட்டம் ஏன் அந்த வேளையில் பிறந்தது? கோப்பிதான் காரணம். 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்டும், கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்சும் தொடங்கி வைத்த கோப்பிப் பயிர், அடுத்த இருபது ஆண்டுகளில் ஒரு வெறியாக மாறிற்று. ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்குக் காடு விற்கப்பட்டது. 1844இல்தான் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவர் யார்? வெளிநாட்டு முதலாளிகள் மட்டுமல்லர். ஆளுநரும், நீதிபதிகளும், அரசாங்க அதிபர்களும், மதகுருமாரும்கூடக் காணி வாங்கினர். காணியை விற்றவனே வாங்கியவனும் ஆனான். இடையில் நின்ற கிராமத்தவனுக்கு வாய் திறக்க இடமில்லை. 1870களின் இறுதியில் கோப்பி நிலத்தின் பரப்பு ஏறக்குறைய 2,75,000 ஏக்கரை எட்டியது.

இங்கே நாம் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கோப்பி துரைமாரின் பயிர் மட்டுமன்று. கண்டிக் குடியானவனும் தன் வீட்டுத் தோட்டத்தில், பலா நிழலில், கோப்பி நட்டான். அந்தக் கோப்பியைச் சோனக வியாபாரிகள் வீடு வீடாகச் சென்று வாங்கித் தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்களில் ஏற்றிச் சென்றனர். ஏற்றுமதியான கோப்பியில் 'நாட்டுக் கோப்பி' கணிசமான பங்கு வகித்தது. துரையிடம் கூலி வேலைக்கு வர மறுத்ததனால் சோம்பேறி என்று ஏசப்பட்ட மனிதன், தன் நிலத்தில், தன் கணக்கில், உலகச் சந்தைக்குப் பண்டம் விளைவித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் திறமை இல்லை என்பது பொய். தனக்கு உரிமையுள்ள இடத்தில் அவன் உழைத்தான். உரிமையில்லாத இடத்துக்கு அடிமையாக வர மறுத்தான்.

பெருங்காட்டின் கதை வேறு. காடு வெட்டும் ஒப்பந்த வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவரே செய்தனர். நேற்றுவரை தமக்குப் பயன்பட்ட காட்டைத் தாமே கூலிக்கு வெட்டிச் சாய்த்தனர். வெட்டிய இடத்தில் நடவும் பறிக்கவும் தமிழகத்திலிருந்து கூலிகள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளை நடந்தே கடந்து, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு ஏறிய அம்மக்களுள் வழியிலே மடிந்தோர் பலர். இவ்வாறாக ஒரே காட்டின் அழிவில் இரு வகை மனிதர் உருவாயினர்: காட்டை இழந்த குடியானவன் ஒருவன், ஊரை இழந்த தொழிலாளி மற்றொருவன். இவ்விருவரையும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதும்படி செய்ததே ஏகாதிபத்தியத்தின் பெரும் சாமர்த்தியம்.

1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்ற சட்டமும் வந்தது. மாத்தளையிலும் கண்டியைச் சுற்றியும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் திகதி கண்டிப் போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டான். வரிகளே உடனடிக் காரணம் என்பது உண்மை. ஆயின் எட்டாண்டுகளாகக் காடும் சேனையும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த மக்களின் மனக்கொதிப்பை விட்டுவிட்டு அக்கிளர்ச்சியை விளக்க முடியுமா?

1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலைகள் மொட்டையாவதைக் கண்டு அதிகாரிகளும் அஞ்சத் தொடங்கினர். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்கவேண்டும் என்று 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் அறிவுறுத்தினார். 1885இல் வனக் கட்டளைச் சட்டமும், பின்னர் வனத் திணைக்களமும் வந்தன. மலையையும் ஆற்றையும் காக்க அது தேவைதான். ஆனால் இலட்சக்கணக்கான ஏக்கரைத் தோட்டத்துக்கு விற்ற பின், மீந்ததைக் காப்பதென்ற பெயரில் கதவு சாத்தப்பட்டது கிராமத்தவன் முகத்தில். விறகு பொறுக்கியவன் திருடனானான். சேனை வெட்டியவன் குற்றவாளியானான். தனதல்லாத காட்டை எவன் பேணுவான்? இரவில் வெட்டி விடியுமுன் விற்றுவிடுவதே அவனுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்.

இதே மண்ணில் மற்றொரு விதையும் முளைத்தது. 1906இல், கூட்டுறவுக்கெனச் சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில், மெனிக்கின்ன அருகே ஒரு கடனுதவிச் சங்கம் தோன்றிற்று. இலங்கைக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி அதுவே. சட்டம் 1911இல்தான் வந்தது. வட்டிக்காரனிடமிருந்து தப்ப, அயலவர் தம் சிறுகாசைச் சேர்த்து ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தனர். யார் நாணயமானவன், யாருக்கு உண்மையில் தேவை என்பதை ஊரார் அறிவர். கணக்கும் ஊரார் கண்முன் இருந்தது. ஒன்றுகூடும் பழக்கம் இம்மக்களுக்கு அந்நியமானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் தும்பறைக்கு அப்பால் எழுவதே, மடித்த கை முட்டிபோல் தோன்றுவதால் நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட மலைத்தொடர். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இக்காடு மகாவலிக்கு நீர் ஊட்டுகிறது. அந்நீரைத் தேக்கும் விக்டோரியா நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமே அதனுள் மூழ்கிற்று. 2000இல் நக்கிள்ஸ் பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையில் சேர்ந்தது. உலகுக்குப் பெருமை, நாட்டுக்கு நீரும் மின்சாரமும். மீமுரே போன்ற மலைக் கிராமங்களுக்கு என்ன கிடைத்தது?

இங்கு ஏலத்தின் கதையைச் சொல்லவேண்டும். கடந்த நூற்றாண்டில் இக்காட்டின் நிழலில் ஏலம் பயிரிடப்பட்டது. அரசாங்கமே அதற்குக் குத்தகை வழங்கிற்று. பெருமரங்களை விட்டு, அவற்றின் கீழ் வளரும் செடிகளையும் கன்றுகளையும் வெட்டி ஏலம் நட்டார்கள். காய்களை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தது. குத்தகைக்காரருள் வெளியூர்ப் பணக்காரர் இருந்தனர். கிராமத்தவர் பலர் அவர்களிடம் கூலிக்கு உழைத்தனர். பின்னர் காட்டுக்குக் கேடு என்று ஏலம் தடுக்கப்பட்டது. கன்றுகள் அழிந்தால் நாளைய காடு ஏது என்ற விஞ்ஞானிகளின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அனுமதித்த காலத்திலும் சரி, தடுத்த காலத்திலும் சரி, "எத்தனை ஏக்கரில் நடலாம், எந்தக் கன்றை விடவேண்டும், சூளைக்கு எந்த விறகு" என்று முடிவு செய்யும் பொறுப்பு அந்தக் கிராமங்களின் கையில் ஒப்படைக்கப்படவில்லை. நீண்ட கால உரிமை இல்லாத குத்தகைக்காரன் இன்றைய காயைப் பார்ப்பான். நாளைய மரத்தைப் பார்க்கமாட்டான். இது அவன் குணக்கேடு அன்று, அவன் நின்ற நிலையின் விளைவு.

கித்துளின் நிலையையும் பார்ப்போம். பாளையைப் பக்குவப்படுத்தி, நாள்தோறும் இருமுறை மரமேறிச் சீவி, கருப்பநீர் இறக்குவது தந்தையிடமிருந்து மகன் கற்கும் நுண்ணிய தொழில். இறக்கிய நீர் சில மணி நேரத்தில் புளித்துவிடும், உடனே காய்ச்சவேண்டும். ஏழெட்டுப் போத்தல் நீரைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு போத்தல் பாணி. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உழைப்புக்குக் கணக்கில்லை. மரம் தன் தோட்டத்தில் இல்லாதவன் மற்றவர் மரத்தை வாரத்துக்குப் பிடிப்பான். காட்டு மரமாயின் வனக் காவலருக்கு அஞ்சுவான். புளித்தால் கள் ஆகிவிடுமாதலால், 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தின் நிழலும் அவன்மேல் விழும். இவ்வளவும் கடந்து சந்தைக்கு வந்தால், சீனி கலந்த போலிப் பாணி அவன் பாணியின் விலையைக் கெடுக்கும்.

தனியொருவன் இதை வெல்ல முடியாது. இருபது குடும்பங்கள் கூடினால் பொதுக் காய்ச்சு நிலையம் அமைக்கலாம், தரத்தைச் சோதிக்கலாம், தம் பெயர் பொறித்துப் போத்தலில் அடைக்கலாம், வியாபாரியோடு விலை பேசலாம். வீட்டுத் தோட்டத்து மிளகுக்கும் கராம்புக்கும் இது பொருந்தும். தோட்டத்துப் பலாவை வெட்ட வேண்டுமானால் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மரத்தை ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பலாவைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் அலுவலகப் படிகளை ஏறி இறங்கத் தெரிந்த மர வியாபாரிக்கு அப்பத்திரம் எளிது. நட்டு வளர்த்தவனுக்கு அரிது. ஆகவே நின்ற மரத்தை அற்ப விலைக்கு அவனிடமே விற்றுவிடுகிறான். 1990 முதல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டுவிட்டதால், மலைநாட்டில் கூட்டு முயற்சிக்குரிய களம் இத்தகைய தோட்டங்களும் மரமல்லாத காட்டு விளைபொருள்களுமேயாம்.

மேலிருந்து நடந்த முயற்சிகள் இல்லாமலில்லை. 1980களில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கண்டி உட்பட மலை மாவட்டங்களில் சமூகக் காடாக்கத் திட்டம் ஒன்று நடந்தது. குடும்பங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த துண்டுகளில் மரங்கள் ஓரளவு தழைத்தன. 'சமூகத் தோப்பு' என்று பெயரிட்டு நட்டவையோ கவனிப்பாரற்றுப் போயின. மக்களுக்குக் கூட்டுணர்வு இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பொதுத் தோப்பு அரசாங்கத்தின் தோப்பே, நாளை வெட்டும்போது நமக்குப் பங்கில்லை என்று மக்கள் எண்ணினர். அவர்களின் சரித்திர அனுபவம் அதுதானே!

கூட்டுறவு என்ற பெயரை மட்டும் சூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் கண்டியே சாட்சி. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்த மலைநாட்டுத் தோட்டங்கள் பல, 'உசவசம' எனப்பட்ட மலைநாட்டுக் கூட்டுறவுத் தோட்ட அபிவிருத்திச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. பெயரில் கூட்டுறவு, நடப்பில் அரசியல்வாதிகளின் ஆட்சி. தலைமுறைகளாக அந்தத் தேயிலையை வளர்த்த தமிழ்த் தொழிலாளருக்கு அதில் இடமில்லை. மாறாக, கண்டிப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் விரட்டப்பட்டன. நிர்வாகம் சீர்கெட்டது, 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அச்சபையும் மறைந்தது. உழைப்பவனை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் கூட்டுறவு, ஏட்டுச் சுரைக்காய்.

இனி, உலகின் பிற பகுதிகளில் வென்றவர் எப்படி வென்றனர் என்று பார்ப்போம். மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலத்தில் 1954 முதல் மகோகனிக் காடு ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. 1983இல் அவ்வுரிமை முடிந்தபோது, எகிதோ எனப்படும் கிராமச் சமூகங்கள் காட்டைத் தாமே அளந்து, எந்த மரத்தை எப்போது வெட்டுவதெனத் திட்டமிட்டு நடத்தத் தொடங்கின. குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் 1990இல் பெருங்காடு ஒதுக்கிடமாக்கப்பட்டது. போராடிய காட்டு மக்களுக்கு அதன் ஒரு பகுதி 25 ஆண்டு உரிமையாக வழங்கப்பட்டது. மரத்தோடு ஷாத்தே என்னும் அலங்கார இலையையும் அவர்கள் விற்கின்றனர். அவர்கள் கையிலுள்ள காடு, அருகேயுள்ள தேசியப் பூங்காக்களை விட நன்றாக நிற்கிறது. ஆயின் எல்லாம் வென்றன என்று சொல்வதற்கில்லை. உள்ளுக்குள் ஒற்றுமை குலைந்து, மாட்டுப்பண்ணைக்காரருக்கு இடங்கொடுத்த சில சங்கங்கள் உரிமையை இழந்தன.

நமக்கு அண்மையில், மகாராஷ்டிர மாநிலத்தின் மேந்தா-லேகா என்ற கோண்டு ஆதிவாசிக் கிராமம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2009இல் தன் காட்டுக்கு உரிமை பெற்றது. பெற்றும் என்ன? மூங்கிலை ஏற்றிச் செல்லும் அனுமதி அதிகாரிகளிடமே இருந்தது. இரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின், 2011இல் அந்த அனுமதிப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. அதன் பின்னரே மூங்கில் பணமாயிற்று. உரிமைப் பத்திரம் கையில் இருந்தும் விற்கும் உரிமை இல்லையேல் அது வெறுந்தாள் என்பதை அச்சிறு கிராமம் நாட்டுக்கே கற்பித்தது. பொதுச் சொத்தை மக்கள் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990இல் நூல் எழுதிய எலினோர் ஒஸ்ட்ரொம், 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். தும்பறைக் கடனுதவிச் சங்கத்தார் நூறாண்டுகளுக்கு முன் செய்து காட்டியதும் இதனையே.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு தெளிவானது. முதலில் வேண்டியது நிலையான உரிமை; காட்டை விற்கும் உரிமையன்று, தலைமுறைக்கும் பயன்படுத்திப் பேணும் உரிமை. அடுத்தது, விளைந்ததைத் தடையின்றி விற்கும் உரிமை. மூன்றாவது, காய்ச்சுதல், உலர்த்துதல், பொதிசெய்தல் ஆகியன ஊரிலேயே நடந்து, அந்த ஆதாயம் ஊரிலேயே தங்கவேண்டும். நான்காவது, ஊரார் கண்முன் விரித்து வைக்கப்படும் கணக்கு. பயிற்சியும் கடனும் சந்தை அறிவும் இவற்றின் பின்னரே பயன் தரும். 1995ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மக்கள் பங்கேற்பைப் பற்றிப் பேசுகிறது, வரவேற்போம். ஆனால் பங்கேற்பு வேறு, உரிமை வேறு. மற்றவன் காட்டில் மரம் நட அழைக்கப்படுவதும் பங்கேற்புத்தான்!

இவை அனைத்துக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. 'சமூகம்' என்றால் யார்? காட்டோரக் கிராமத்தில் காணியுள்ள சிலரா? காணியற்றவனும், ஒதுக்கப்பட்ட சாதியானும், பாணி காய்ச்சும் பெண்ணும் அதில் அடங்குவார்களா? தெல்தோட்டையிலும், கலஹாவிலும், ஹந்தானைச் சரிவிலும், நக்கிள்ஸ் அடிவாரத்திலும் லயங்களில் வாழும் தொழிலாளி அடங்குவானா? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களுக்கு அதனை முழுமையாக மீட்டுத் தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்கு கிடைத்துவிட்டது, காணி இன்னும் கிடைக்காதோர் மிகப் பலர். அவர்களும் அதே காட்டில் விறகு பொறுக்குகிறார்கள்; அதே ஊற்றில் நீர் முகக்கிறார்கள்; மழையில் மலை சரிந்தால் அவர்கள் லயத்தின் மீதும்தான் சரிகிறது. அவர்களை விட்டு எழுதப்படும் சங்க விதி, உசவசமவின் தவற்றை மீண்டும் செய்வதாகும்.

மலைநாட்டுப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும், பேராதனையில் பயிலும் மாணவர்களும் இந்தச் சரித்திரத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டு செல்லவேண்டும். மீமுரேயின் கித்துள் சீவுபவனும், தெல்தோட்டையின் கொழுந்து பறிப்பவளும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதை இரு மொழியிலும் சொல்லவேண்டும். காட்டை இழந்தவனின் பேரனும், காட்டை இழந்த மண்ணில் கொண்டுவந்து நடப்பட்டவனின் பேரனும் ஒரே சங்கத்தின் கணக்கேட்டில் கையொப்பமிடும் நாள் வரட்டும். அன்றே 'தஹனம் கலே' என்ற பழம்பெயர் மலைநாட்டில் பொருளற்றுப் போகும்.